கொசுறு

ஞாயிறு பள்ளிக் காணிக்கையை
பதினோரு மாதம் சேர்த்தால்
ஆயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.
அத்தனையும் நாணயம்.
மஞ்சள் துணிப்பையில் அது
தூங்கிப்போன குழந்தையின் கனம்.

குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து
மார்க்கெட்டுக்கு இறங்கும்போது
படிக்குப் படி சலங் சலங் என்றது.
திரும்பிப் பார்த்தவர்களிடம்
நான் உண்டியல் உடைத்து வந்தவள் இல்லையென்று
தனித்தனியாகச் சொல்ல முடியுமா?

கிறிஸ்மஸுக்கு ஐந்து நாள்.
சந்துக்குள் நுழைவதுதான் நம் வேலை,
நடப்பதைக் கூட்டம் பார்த்துக்கொள்ளும்.
ஈரத் தார்ப்பாய் பிடரியில் சொட்டியது.
ஒரு கேரட் மூட்டை
ஆள் முகமே தெரியாமல்
"வழி, வழி" என்று கத்திக்கொண்டு போனது.
காகித நட்சத்திரம் நசுங்காமலிருக்க
தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி
ஒரு போலீஸ்காரர்
மனைவி பின்னால் போனார்.

முதல் கடையில் பையை அவிழ்த்ததும்,
"இதை எண்ணவா கடை தொறந்தேன்?"
இரண்டாவது கடையில்
அவிழ்க்கவே விடவில்லை,
சத்தத்திலேயே தெரிந்துகொண்டார்கள்.

மொய்துக் காக்கா கடையில்
கம்பளிக் குல்லாய், காது மூடுவது,
உச்சியில் ஒரு பந்து.
டஜன் கணக்கில்தான் தருவார்.
"ஒண்ணு அம்பத்தஞ்சு. சீசன்."
"நாப்பது."
"நூல் தரட்டா டீச்சரே,
நீங்களே பின்னிக்கிறீங்களா?"

அப்போது ஒருவர் ஐந்நூறு நோட்டை நீட்டினார்.
காக்கா கல்லாவைத் திறந்து, பார்த்து, மூடினார்.
பக்கத்துக் கடைக்கு ஓடிய பையன்
வெறுங்கையோடு வந்தான்.
அடுத்தவரும் ஐந்நூறு.
அதற்கடுத்த அம்மாளும்.
சந்து முழுக்கப் பணம்,
ஒருத்தரிடமும் சில்லறை இல்லை.

நான் பையை மேஜைமேல் வைத்தேன்.
மெதுவாக அல்ல.

காக்கா திரும்பிய திரும்பல்!
நாற்பத்தைந்துக்கு முடிந்தது.
மூன்று டஜன்,
ஆயிரத்து அறுநூற்று இருபது.
பையன் கோபுரம் கோபுரமாக அடுக்கினான்.
எண்ணி முடிக்கும் முன்பே
மூன்று கோபுரங்கள் யார் யாருக்கோ
மீதியாகப் போய்விட,
மறுபடி முதலிலிருந்து.

கட்டுப் போடும்போது சொன்னேன்:
"கொசுறு ஒண்ணு போடுங்க காக்கா."
"குல்லாயிலயா? இதென்ன கறிவேப்பிலையா?"

பதிவேட்டில் மையால் முப்பத்தாறு பெயர்.
கீழே, கோட்டுக்கு வெளியே,
பென்சிலில் ஒன்று: சுக்ராம்.
கொழுந்து பறிக்க ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களோடு
நவம்பரில் வந்தான்.
பாட்டு தெரியாது. வாயை மட்டும் அசைப்பான்,
நிறுத்த வேண்டிய இடத்தில் சரியாக நிறுத்திவிடுவான்.
காணிக்கைப் பை வரும்போது
மூடிய கையை உள்ளே விட்டு
மூடிய கையையே வெளியே எடுப்பான்.

காக்காவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை.
சொன்னால் பேரம் முறிந்து
பிச்சையாகிவிடும்.
"கொசுறு இல்லேன்னா
சில்லறையைத் திருப்பிக் கட்டுங்க" என்றேன்.

பந்து கோணலாகத் தைத்த ஒன்றைத்
தேடி எடுத்து
மூட்டைமேல் எறிந்தார்.

மிச்ச இருபதுக்கு டீயும் வர்க்கியும்.
கோணல் குல்லாயை மடியில் வைத்துப் பார்த்தேன்.
ஊசி நூல் இருந்தால் சரியாகும்.
வேண்டாம்.
இன்றிரவு முப்பத்தேழையும்
செய்தித்தாளில் சுற்றித்
தரையில் கொட்டிக் கலைத்துவிடப் போகிறேன்.
எந்தத் தலைக்குக் கோணல் என்பதைக்
கர்த்தர் பார்த்துக்கொள்ளட்டும்,
அவருக்கும் ஏதாவது வேலை வேண்டும்.

மூங்கில்மட்டம் போகும் கடைசி பஸ்ஸில்
பெண்களுக்குக் கட்டணமில்லை,
மூட்டைக்கு உண்டு.
பன்னிரண்டு ரூபாய்.
என் பர்ஸில் ஒரே ஒரு ஐந்நூறு.

கண்டக்டர் நோட்டைப் பார்த்தார்,
மூட்டையைப் பார்த்தார்,
காலியாய் மடித்த மஞ்சள் பையைப் பார்த்தார்.
"என்னம்மா நீங்க,
கிளம்பும்போதே
கொஞ்சம் சில்லறை எடுத்து வரக் கூடாதா?"